நாலடி பேஸ்மட்டமும் ஒரு சாய்தளமும்

இப்போதெல்லாம் வீடு கட்டுவதற்கு முன்பே அதற்குள் நடந்து பார்த்துவிடலாம். நான் வேலை பார்த்த திண்டிவனம் அலுவலகத்துக்குப் போன மாதம் ஒரு நாள் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் கம்ப்யூட்டரில் ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். வாசல், ஹால், சோபா, சோபாவின் மேல் ஒரு பூனை வரைக்கும் இருந்தது. வெளியே நீல வானம், பச்சைப் புல்தரை. நன்றாக இருக்கிறது என்றேன். பொய் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. இதில் மழை பெய்ய வைக்க முடியுமா என்று கேட்டேன். ஒருத்தி ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு, "வெயில் வைக்கலாம் மேடம், நிழல் எங்க விழும்னு காட்டும். மழைக்கு ஆப்ஷன் இல்ல" என்றாள்.

அப்புறம், "நீங்க எல்லாம் மழைக்கு எப்படி மேடம் பார்த்தீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். அவள் கேட்டதற்காக எழுதுகிறேன். உபதேசம் செய்யும் ஆள் நான் இல்லை. எனக்கு உபதேசம் செய்தவர்களையும் எனக்குப் பிடித்ததில்லை.

என் அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். எனக்குக் கணக்கு வந்தது, கோடு நேராக வந்தது. ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் திண்டிவனத்தில் ஒரு பொறியாளரிடம் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அந்த ஒரே அலுவலகம்தான். மரக்காணத்தில் என் பெயர் நிறையப் பேருக்குத் தெரியாது, ‘பிளான் மேடம்’ என்றால் தெரியும்.

அந்தப் பொறியாளர் தணிகாசலம் சார். அவரைப் பிடிக்கும் என்று அவரிடம் வேலை பார்த்த யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். வரைந்த தாளை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் அதில் ஏதாவது ஒரு கோடு காணாமல் போயிருக்கும். ரப்பர் வைத்துச் சுத்தமாக அழித்திருப்பார். ஏன் அழித்தார் என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் அதே கோட்டைத் திரும்பப் போட்டால் திரும்பவும் அழிப்பார். ஒரு வீட்டின் வடக்குச் சுவரில் நான் போட்ட ஜன்னலை அவர் அழிக்க, நான் போட, அவர் அழிக்க, கடைசியில் அந்த இடத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது. "இப்பத்தான் ஜன்னல் மாதிரி இருக்குது" என்றார். நான் கேட்ட வரையில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மழையில் பார்க்காத மனைக்குப் பிளான் போட மாட்டார். மாசி மாதம் வந்து கேட்டாலும் ஐப்பசியில் வரச் சொல்லுவார். பாதிப் பேர் எதிரே இருந்த இன்னொரு அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார். எங்கள் சம்பளம் அவர்களை நம்பித்தானே இருந்தது.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்த நாளில், "ஏம்மா, கெளம்பு" என்பார். அவர் குடை கொண்டு வருவது டேப்புக்கும் தாளுக்கும்தான். அவர் நனைவார், கூட வருகிற நானும் நனைவேன். மனையில் போய் முதலில் சும்மா நிற்பார். பிறகு கொண்டு வந்த மரத்தூளை நாலு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவுவார். அது எந்தப் பக்கம் மிதந்து போகிறது, எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்ப்பார். அடுத்தது பக்கத்து வீடு. அந்த வீட்டுச் சுவரில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது என்று கையை வைத்துப் பார்ப்பார். எங்கள் பக்கம் எல்லாச் சுவரிலும் அந்த வெள்ளைக் கோடு இருக்கும். ஓதம் அதுவரை ஏறி, காய்ந்து, சுண்ணாம்பைப் பொரித்துக் கீழே தள்ளியிருக்கும். கடைசியாக அந்தத் தெருவில் யாரையாவது கூப்பிட்டு, இருக்கிறதிலேயே பெரிய வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்பார். எது உயரமோ, அதற்கு மேல் ஒரு முழம். அதுதான் அந்த வீட்டின் பேஸ்மட்டம், வீட்டுத் தரை நிற்க வேண்டிய உயரம். அதற்கப்புறம் யார் வந்து சொன்னாலும் அந்த மட்டத்தைக் குறைக்க மாட்டார்.

எங்கள் கரையில் வீட்டுக்குப் பல தொந்தரவுகள். சித்திரையில் மதியம் வரை அனல், அதற்குப் பிறகு கடல்காற்று, அந்தக் காற்றிலும் உப்பு. ஐப்பசி கார்த்திகையில் வாடை. எங்களுக்கு மழை நேராக விழாது, வடகிழக்கிலிருந்து சாய்ந்து வந்து சுவரில் அறையும். மார்கழியில் விடிந்து பார்த்தால் சுவர் வேர்த்திருக்கும். போர் தண்ணீர் உப்பு, அதில் காங்கிரீட் கலந்தால் சில வருடத்தில் கம்பி துருப்பிடித்துத் தளத்தை வெடிக்க வைக்கும். அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே உள்ளே கொட்டி நிரப்பினால் வீட்டுக்குள் உப்பளத்தைக் குடிவைத்த மாதிரி. நிரப்புவதற்கு இரும்பை என்ற ஊர்ப் பக்கத்துச் செம்மண்தான் வர வேண்டும், கலக்க லாரித் தண்ணீர்தான் வர வேண்டும் என்பதில் சார் கறாராக இருந்தார்.

குயிலாப்பாளையத்தில் ஒருவர் கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். கிழக்கே பெரிய ஜன்னல், சன்ஷேடு வேண்டாம், பார்வைக்கு மறைக்கும் என்றார். தளம் போட்டு ஜன்னல் இன்னும் வைக்காத சமயம். கார்த்திகை மாதம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அந்த ஜன்னல் ஓரம் போட்டு, "இங்கயே கொஞ்ச நேரம் உக்காருங்க" என்றார் சார். வீட்டுக்காரரும் வீம்புக்கு உட்கார்ந்தார். சாரல் அடிக்க அடிக்க நாற்காலியைப் பின்னால் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் நாற்காலியை விட்டுவிட்டுப் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்ததும் சார் தாளில் சன்ஷேடை இரண்டு மடங்காக்கினார்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன். இந்த வேலையில் என்னைப் படுத்தி எடுத்தது அது ஒன்றுதான்.

காதர் பாய் ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர். மரக்காணத்தில் தெரு முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் அவர்களுடைய பழைய ஓட்டு வீடு. கிழக்கே தெரு, மேற்கே கொல்லைப்புறத்தைத் தாண்டினால் முழுக்க உப்புப் பாத்தி. வீட்டில் அவர் மனைவி மும்தாஜ், காலேஜ் படிக்கும் ஒரு மகள், காதர் பாயின் அக்கா ஜொஹரா. அக்கா தம்பியின் அம்மாவும், அத்தா என்று அவர்கள் சொல்லும் அப்பாவும் காலமாகிவிட்டார்கள். வைகாசியில் லீவில் வந்த காதர் பாய், போனில் ஒரு படத்தைக் காட்டி, பழைய வீட்டை இடித்துவிட்டு அங்கேயே இதே மாதிரி வீடு வேண்டும் என்றார். அவர் வேலை பார்க்கும் ஊரில் உள்ள வில்லா. டப்பா மாதிரி முகம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, சன்ஷேடே கிடையாது. தெரு மட்டத்திலேயே தரை, கார் அப்படியே உள்ளே போகும்.

"பாய், அங்க மழை எப்படி?" என்று கேட்டேன்.

"எப்பவாச்சும் வரும். அன்னிக்கு ஆபீஸ் லீவு உட்ருவாங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு லீவு கிடைப்பது பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஒட்டித்தான். பல வருடங்களாக அவர் பார்த்த மரக்காணத்தில் மழையே கிடையாது. லீவில் பார்க்கிற ஊருக்குத்தான் அவர் வீடு கேட்டார். எங்கள் பக்கம் இப்படிக் கட்டி, முதல் கார்த்திகையிலேயே ஹாலில் வாளி வைத்த வீடுகள் நிறைய உண்டு.

அவர் திரும்பிப் போன பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு அலுவலகத்தில் என்னைத்தான் அனுப்புவார்கள். ஆண்கள் போனால் வாசலோடு சரி. நான் சமையலறை வரை போவேன். யார் எங்கே உட்காருகிறார்கள், மழைக்காலத்தில் ஈரத்துணி எங்கே காய்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

மும்தாஜ் டீ போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரமாகத் தையல் மிஷினில் இருந்தவர் ஜொஹரா. நாற்பதைத் தாண்டியிருப்பார். சிறுவயதில் போலியோ வந்து இரண்டு காலும் நடக்க வராது. காலால் மிதிக்காமல் ஓட, மோட்டார் வைத்த மிஷின். வாசலில் அவருடைய மூன்று சக்கர வண்டி நின்றது, கையால் பெடல் சுற்றி ஓட்டுவது. தினமும் அதில் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவார். துணிக்கு நூல் கலரைத் தானே ஒட்டிவைத்துப் பார்த்து வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி. வேறு யாரை அனுப்பினாலும் பச்சை கேட்டால் ஏதோ ஒரு பச்சையை வாங்கி வந்துவிடுவார்கள் என்றார்.

புது வீட்டில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அதுவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. மிஷினை நிறுத்தினார்.

"எனக்கு ரெண்டே விஷயம் மேடம். வீட்டுக்குள்ள தண்ணி வரக்கூடாது. என்னை யாரும் தூக்கக்கூடாது."

"அக்கா போன புயல சொல்றாங்க" என்றார் மும்தாஜ்.

"பாத்தியில இருந்து தண்ணி ஏறிடுச்சு. கட்டில் கால் முழுகுது. தெருப் பசங்க நாலு பேரு வந்து என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போனாங்க. நல்ல பசங்கதான், தப்பா சொல்லல. தெருவே நின்னு பார்த்துது. உப்பு மூட்டை மாதிரி ஸ்கூல்ல எறக்கி வெச்சாங்க. வண்டி இங்கயே மாட்டிக்கிச்சு. வண்டி இல்லாம நான் என்ன பண்ணுவேன்? பாத்ரூம் போகணும்னாகூட யாரையாச்சும் கூப்பிடணும். மூணு நாள் சரியா தண்ணியே குடிக்கல நான்."

சொல்லிவிட்டு மிஷினைத் திரும்ப ஓட்டத் தொடங்கினார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் கேட்ட இரண்டும் ஒன்றுக்கொன்று சண்டை போடுகிறவை. தண்ணீர் வராமல் இருக்க வீட்டை உயர்த்த வேண்டும். அவர் தானாகப் போய்வர, வீட்டைத் தெருவோடு தெருவாகத் தாழ்த்த வேண்டும்.

ஐப்பசியில் சார் வந்து பார்த்தார். மரத்தூள் நாலு மூலையிலிருந்தும் கொல்லைப்புறத்துக்கே போனது. எதிர்வீட்டுச் சுவரில் வெள்ளைக் கோடு முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. தெருவிலிருந்து நாலடி என்றார். மூன்றடி போதாதா என்று கேட்டேன். "தண்ணிகிட்ட போய்க் கேளு" என்றார். அந்த அம்மா எப்படி ஏறுவார் என்று கேட்டேன். "படி போடு. வீட்டுல ஆள் இருக்காங்கல்ல, தூக்கிட்டுப் போகட்டும்." எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவரிடம் காட்டிப் பயனில்லை என்பதால் டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

முன்பக்கம் ஒரு சாய்தளம் போட்டு வரைந்தேன். மறுநாள் அது அழிந்திருந்தது. திரும்பப் போட்டேன், அழிந்திருந்தது. இந்தத் தடவை ஏன் என்று யோசித்தேன். இருபதடி நீளத்தில் நாலடி ஏற வைத்திருந்தேன். தாளில் அழகாக இருந்தது. அதில் ஒரு மனுஷி கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு ஏற முடியுமா என்று நான் பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் மரக்காணத்துக்குப் போய், பக்கத்தில் வேலை நடந்த இடத்திலிருந்து நீளமான பலகைகளும் செங்கல்லும் கேட்டு வாங்கி, ஜொஹராவின் வாசலிலேயே ஒரு சரிவு கட்டினேன். மேஸ்திரி ஒருவர் செங்கல்லைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தார். ஜொஹரா ஏறிப் பார்த்தார். முதல் சரிவில் பாதியில் நின்று பின்னால் உருண்டு வந்தார். மும்தாஜ் ஓடி வந்து பிடிக்கப் போக, "விடு, பிரேக் இருக்குது" என்றார். செங்கல்லைக் குறைத்தோம். ஏறினார், மூச்சு வாங்கியது. இன்னும் குறைத்தோம். மேலே போய் நின்று, மூச்சு வாங்காமல், "இதுல நான் காய்கறிப் பையோட வருவேன்" என்றார். அளந்தேன். ஒரு அடி ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளம். நாலடிக்கு நாற்பத்தெட்டு அடி வேண்டும். மனையின் அகலமே முப்பதடிதான்.

கொல்லைப்புறம் இடம் இருந்தது, ஆனால் வெள்ளம் முதலில் வருவது அங்கேதான். ஆகவே முன்பக்கம் தொடங்கி, மூலையில் திரும்பி, வடக்குப் பக்கம் ஏற விட்டேன். வாசற்கதவும் வடக்குப் பக்கம் போனது. மழையில் வண்டி நனையக்கூடாது என்று அதன் மேல் ஒரு தாழ்வாரம் இழுத்தேன். இழுத்து முடித்த பிறகுதான் கவனித்தேன். வாடை மழை அடிக்கிற சுவர்கள் கிழக்கும் வடக்கும். அந்த இரண்டு சுவரும் இப்போது தாழ்வாரத்துக்குள் வந்துவிட்டன. ஜொஹராவின் பாதைக்காகப் போட்ட கூரை, வீட்டுக்கே குடை பிடித்தது. அன்று அலுவலகத்தில் எனக்கு எழுந்து நடக்க வேண்டும் போல் இருந்தது. இரண்டு தரம் வெளியே போய்விட்டு வந்தேன்.

மறுநாள் கோடு அப்படியே இருந்தது. திருப்பத்தில் மட்டும் சார் பென்சிலில் எழுதியிருந்தார்: ‘வண்டி திரும்பாது. இன்னும் ஒரு அடி.’

மும்தாஜுக்கு வாசல் வடக்கே போனது பிடித்தது. தெருவில் போகிறவர்களுக்கு வீட்டுக்குள் தெரியாது. ஆனால் முன்பக்கம் சாய்தளம் வருவது பிடிக்கவில்லை. அக்கா கேட்காத நேரமாகப் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு கேட்டு வர்றவங்க வாசல்லயே இதப் பார்த்தா என்ன மேடம் நெனப்பாங்க? இந்த வீட்டு வழியில ஏதோ இருக்குதுன்னு நெனைக்க மாட்டாங்களா?" போலியோ வழிவழியாக வருவதில்லை என்றேன். "அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காதர் பாய்க்கு விடுமுறை. வீடியோவில் வந்தார். மும்தாஜ் போனைப் பிடிக்க, நான் தாளை விரித்துக் காட்டினேன். நாலடி உயரத்தை முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். சாய்தளத்துக்கு வந்ததும் முகம் மாறியது.

"இது என்ன மேடம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது. இவ்ளோ வருஷம் சம்பாரிச்சு ஆஸ்பத்திரியா கட்டுவேன்? பின்னால போடுங்க."

"பின்னால தண்ணி நிக்கும் பாய்."

"அப்ப வேணாம். அக்கா எதுக்கு வெளிய போகணும்? தைக்கக் குடுக்கறவங்க வீட்டுக்கு வரட்டும். நூலு வாங்க ஆள் வெச்சுக்கலாம். ராணி மாதிரி உக்காரச் சொல்லுங்க."

ஜொஹரா மிஷினை நிறுத்தினார். "மும்தாஜ், போன இங்க குடு" என்றார். மும்தாஜ் தயங்கிக் கொடுத்தார்.

"காதரு, இந்த மனை யாருது?"

"என்னக்கா கேள்வி. நம்ம அத்தாது."

"அத்தா மௌத்தாயிட்டாரு. இப்ப யாருது?"

"நம்மளதுதான்."

"நம்மளதுன்னா, ஷரீஅத்துப்படி மூணுல ரெண்டு உனக்கு, ஒண்ணு எனக்கு. அது என் ஹக்கு. நான் சொல்றது சரியா?"

இந்த வழக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர்கள் மார்க்கத்தில் மகளுக்கும் பங்கு உண்டு, அதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் எங்கள் பக்கம் பெரும்பாலான அக்கா தங்கைகள் அந்த உரிமையை, அந்த ஹக்கை, அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். கல்யாணமாகாமல் அதே வீட்டில் இருக்கும் அக்காவிடம் விட்டுக்கொடுக்கிறாயா என்று யாரும் கேட்பதுகூட இல்லை.

"இல்லன்னு யாருக்கா சொன்னது" என்றார் காதர் பாய்.

"யாரும் இல்லன்னு சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல. நான் விட்டுக் குடுத்துட்டேன்னு நீயா நெனச்சிக்கிட்ட. என் பங்குல இந்த ரேம்ப்பு வரட்டும். மேடம கேட்டேன், என் பங்கு எடத்துல பாதிகூட ஆகாதாம். மீதிய உன் பொண்ணுக்கு நான் தர்றேன். அவ கல்யாணத்துக்கு இதனால ஏதாச்சும் கொறை வந்தா, அத வெச்சு சரி பண்ணிக்க."

மும்தாஜ் தலையைக் குனிந்துகொண்டார். என்னிடம் மெதுவாகச் சொன்னது அக்கா காதில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"இதுக்குப் போயி ஹக்கு பேசணுமாக்கா?" காதர் பாயின் குரல் இறங்கியிருந்தது.

"வேற எத பேசுனா அங்க உனக்குக் கேக்கும்?"

மேடத்திடம் கொடு என்றார் காதர் பாய். நான் வாங்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த ரேம்ப்புல கார் ஏறுமா?"

"ஏறாது பாய். வண்டி அகலம்தான்."

"அப்ப கார் எங்க நிக்கும்?"

"தெருவுலதான்."

"சரி, போடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஜொஹரா மேல் அன்றைக்குப் பொறாமைதான் வந்தது. என் அப்பா வாங்கிப் போட்ட சின்ன மனையில் எனக்கும் பங்கு இருந்தது. அண்ணன் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவன் வாங்கிக் கொடுத்த புடவையோடு வீட்டுக்கு வந்தவள். பஸ்ஸில் பெருமுக்கல் தாண்டும் வரை அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

வீடு கட்டி முடிந்தது. கொத்தனார்கள் சாய்தளத்தைக் குறுக்கிவிடாமல் இருக்க நானே மட்டம் பார்க்கும் டியூப் லெவலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவசரக்காரர்கள் ஏறி இறங்க மூலையில் நாலைந்து படிகளும் வைத்தோம். பெண் கேட்டு முதலில் வந்தவர்கள் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. அந்த ரேம்ப்புதான் காரணம் என்று காதர் பாய் இன்றும் சொல்கிறார். இருக்கலாம், எனக்குத் தெரியாது. அடுத்து வந்த சம்பந்தம் முடிந்தது, பெண் இப்போது புதுச்சேரியில் இருக்கிறாள்.

கட்டிய வீட்டை அதன் முதல் மழையில் போய்ப் பார்ப்பதும் எங்கள் அலுவலக வழக்கம். அந்த வருடம் சாருக்கு முடியவில்லை, நான் மட்டும் போனேன். இரண்டு நாளாக விடாத மழை. உப்பளத்தை ஒட்டிய கால்வாய் நிரம்பி, எது உப்புப் பாத்தி எது தெரு என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடந்தது. பஸ் பாதியிலேயே திரும்பிவிட்டது. முழங்காலுக்கு மேல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் நடந்தேன். எதிர்வீட்டில் பாத்திரமெல்லாம் வாசலில் மிதந்தது.

ஜொஹராவின் வீட்டுக்குள் தண்ணீர் இல்லை. சாய்தளத்தின் அடிப்பகுதி மட்டும் முழுகியிருந்தது. காற்று வடகிழக்கிலிருந்து மழையை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்துக்கு உள்ளே கையை வைத்துச் சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஜொஹரா திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு, மடியில் ஒரு துணியை வைத்து ஹெம்மிங் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வாங்க என்று தலையை ஆட்டினார்.

அப்போது தெருவில் இரண்டு இளைஞர்கள் முழங்காலளவு தண்ணீரில் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட, குளிரில் பல் கிட்டியது. வீட்டின் முன்னால் வந்து நின்றார்கள்.

"அக்கா, கட்டில் கொண்டாந்துட்டோம். ஸ்கூலுக்குப் போயிடலாமா? இன்னும் தண்ணி ஏறும்னு சொல்றாங்க."

ஜொஹரா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "போன தடவை என்னைத் தூக்கினதுல இவங்க ரெண்டு பேரும் உண்டு மேடம்" என்று என்னிடம் சொன்னார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குள்ள தண்ணி இல்லப்பா. எதிர்வீட்டுல கொழந்தைங்க இருக்குது, அவங்கள மொதல்ல இங்க கூட்டிட்டு வாங்க. நீங்களும் வந்து டீ குடிச்சிட்டுப் போங்க. எவ்ளோ நேரமா நனையறீங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்குப் போய் இரண்டு குழந்தைகளையும் அவர்கள் அம்மாவையும் அழைத்து வந்தார்கள். அவர்களில் ஒருவன் மூலைப் படியில் கால் வைத்தான்.

"படியில வராத, சேறா இருக்குது, வழுக்கும்" என்றார் ஜொஹரா. வண்டியைச் சுவரோரம் ஒதுக்கி வழி விட்டார். "இப்படி வாங்க."

அவர்கள் கட்டிலைக் கீழேயே சாய்த்து வைத்துவிட்டு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சாய்தளத்தில் ஏறி வந்தார்கள்.